கணக்கில் கூடிய ஒருவர்

மாமா,

முதலில் என் கண்ணில் பட்டது தேசிக்காய்தான். புத்தகத்தில் கறுப்பு வெள்ளையில் அச்சடித்த, மங்கலான படம். கடை வாசலுக்கு மேலே நூலில் கோத்த ஒரு தேசிக்காயும் அதன் கீழே சில மிளகாய்களும் தொங்குகின்றன. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு புள்ளியும் நாலு கோடுகளும்தான். எனக்கு விளங்கிவிட்டது. அயர்லாந்தில் ஒரு கடை வாசலில் வேறு யார் அதைக் கட்டியிருப்பார்கள்?

படத்தின் கீழே "டூலன் கடை" என்று போட்டிருக்கிறார்கள். வேறு ஒன்றும் இல்லை.

நீங்கள் பனிக்காலத்தில் கண்ணை மூடிவிட்டீர்கள். புத்தகம் இப்போதுதான் வந்து சேர்ந்தது. கடைக்கு எதிர்வீட்டில் இருந்த கிழவியின் மகள் அனுப்பியிருக்கிறார். உறையில் உங்கள் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் மட்டும் இருந்தன, பிறகு அமெரிக்காவில் எங்கள் பார்சிப்பனி விலாசம். நீங்கள் எத்தனை மாதம் தபால்பெட்டியைப் போய்ப் போய்ப் பார்த்தீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் அயர்லாந்துக் கிராமத்தின் சரித்திரத்தை அந்த ஊர் ஆட்களே எழுதி அச்சடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உங்களுக்கு வேறு கதை இல்லை. "நானும் அதிலை இருப்பன் பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.

நான் முன் அட்டையிலிருந்து பின் அட்டை வரைக்கும் வாசித்துவிட்டேன், மாமா. நீங்கள் அதில் இல்லை.

தேவாலயம் யார் கட்டியது, பாலத்துக்குக் கல் எங்கிருந்து வந்தது, எந்த வீட்டில் யார் கலியாணம் செய்தார்கள், எல்லாம் இருக்கிறது. மலைச்சரிவில் கூரை இல்லாமல் நிற்கும் வீடுகளைப் பற்றி ஒரு முழு அத்தியாயம். நீங்கள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு எனக்குச் சொன்ன அதே கதைகள். உருளைக்கிழங்கு அழுகிப்போன பஞ்சத்தில் செத்தவர்கள் போக மிஞ்சினவர்கள் கப்பலேறியது. அதன் பிறகும் நிற்காமல் பிள்ளைகள் ஒவ்வொருவராக அமெரிக்காவுக்குப் போனது. பால் சேகரிக்கும் நிலையத்தை மூடியது, பிறகு பள்ளிக்கூடத்தை மூடியது. பாணும் வெண்ணெயும் வாங்க வந்த கிழவர்கள் உங்கள் கடை மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னவை. அவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. அந்தக் கதைகளையெல்லாம் நீங்கள் எதிர்வீட்டுக் கிழவியின் மகள் மூலம் புத்தகக் குழுவுக்குச் சொல்லி அனுப்பினீர்கள். "ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டது" என்று போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள்!

கடைகள் பற்றிய பக்கத்தில், டூலன் குடும்பத்தின் கடை நெடுங்காலம் நடந்து, பிறகு மூடப்பட்டது என்று ஒரே வரி. டூலன் அதை உங்களுக்கு விற்றுவிட்டு மகளிடம் போனது, லண்டன் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்து சேர்த்ததைக் கொண்டுவந்து நீங்கள் அதை வாங்கியது, உங்கள் தலை நரைக்கும் வரைக்கும் அங்கே நின்றது, எல்லாம் அந்த ஒரு வரிக்குள் போய்விட்டது.

எனக்கு அவர்கள் மேல் வருகிற கோபத்தைவிட உங்கள் மேல்தான் கூட வருகிறது. ஒரு நாள் நான் கேட்டேனே, நினைவிருக்கிறதா?

"ஏன் மாமா போர்டை மாத்தேல்லை?"

"என்ரை நீளப் பேரை எழுத அந்தச் சுவர் காணாது பிள்ளை."

"பகிடி விடாதேங்கோ."

"டூலன் கடைக்குச் சனம் வரும். என்ரை கடைக்கு ஆர் வரும்? நானே வந்து ஏறினவன். கடையையும் வாங்கி, பேரையும் அழிச்சால் என்ன நினைப்பினம்?"

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சந்திக் கடையைச் சொன்னீர்கள். எத்தனை கை மாறினாலும் அது முதல் முதலாளியின் பெயரில்தான் இருந்தது, கடைசியாக வாங்கினவரும் அப்படித்தான் விட்டார், அதுதான் மரியாதை என்றீர்கள். ஆனால் மாமா, எங்கள் ஊரில் போர்டில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே நிற்பவர் இன்னாரின் மகன் என்று எல்லோருக்கும் தெரியும். அங்கே உங்களை யாருக்குத் தெரியும்? பிஸ்கட் பெட்டி இறக்க வருகிறவன் "குட் மார்னிங் மிஸ்டர் டூலன்" என்றால் நீங்களும் குட் மார்னிங் சொல்வீர்களாம். அதைச் சொல்லிவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

தேசிக்காயும் அப்படித்தான். கண்ணூறுக்குக் கட்டினது என்று சொல்லக் கூச்சப்பட்டு, ஈ வராமல் இருக்க என்று சொல்லிவிட்டீர்கள். எதிர்வீட்டுக் கிழவி அதை நம்பி, ஈக்கு வேலை செய்தால் நரிக்கும் செய்யும் என்று கோழிக்கூட்டில் ஒன்றைக் கட்டினார். நரி அந்த வருடம் வரவில்லை. அதன் பிறகு வாரத்துக்கு ஒரு தேசிக்காய் அவருக்கென்று எடுத்து வைக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம்கூட நான் விட்டுவிடுவேன். விட முடியாதது சனத்தொகைப் பக்கம். ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஊரில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஒரே ஒரு தடவை மட்டும், முந்தியதைவிட ஓர் ஆள் கூட. நீங்கள் இங்கே எல்லாப் பிறந்தநாள் விழாவிலும் சொல்லுவீர்களே, "ஊரே அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருக்கேக்கை ஒரு ஆள் கூடினது. அது ஆர்? நான்தான்" என்று. போன கோடையில்கூட ஒரு சென்னை அங்கிளிடம் சொன்னீர்கள். அவர் கையில் தட்டோடு நின்று, "டப்ளின்லயா சார்?" என்றார்.

"இல்லை, சின்னக் கிராமம். கடை வைச்சிருந்தனான்."

"கிராமமா? என்ன சார் நீங்க, அதுக்கு யாழ்ப்பாணத்துலயே இருந்திருக்கலாமே" என்று சிரித்துவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் கிரீன் கார்டு பற்றிப் பேசத் திரும்பிவிட்டார். நீங்களும் சிரித்தீர்கள். நான் மூலையில் கதிரையில் இருந்தேன். நீங்கள் ஏதாவது சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கேக் எடுக்கப் போனீர்கள்.

அந்தக் கூடிய ஆளைப் பற்றிப் புத்தகத்தில் எழுதியிருப்பது இதுதான்: அந்தக் காலத்தில் வெளியே போன யாரும் ஊர் திரும்பியதாகத் தெரியவில்லை, எனவே இது கணக்கெடுத்தவரின் பிழையாக இருக்கலாம்.

பிழை. நீங்கள் பிழை, மாமா.

போனவர்கள் திரும்பி வருவதைத் தவிர வேறு விதமாகவும் அந்த ஊருக்கு ஓர் ஆள் வரலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. கடையை மூடிவிட்டு, அந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல நீங்களும் அமெரிக்காவுக்குத்தான் வந்தீர்கள். போனவர்கள் பற்றிய பக்கத்திலாவது தேடினேன். அதிலும் இல்லை.

அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுப் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"அவன்ரை தேசிக்காய் இருக்கெல்லோ. காணும், விடு."

"அம்மா, பிழை எண்டு எழுதியிருக்கினம்."

"அவையின்ரை ஊர், அவையின்ரை புத்தகம். நீ பள்ளிக்கூடத்தையே முடிக்கேல்லை. அவையின்ரை புத்தகத்தைத் திருத்தப் போறியோ?"

சொல்லிவிட்டு மீன் வெட்டப் போய்விட்டார். குழாயை வேண்டுமென்றே பெரிதாகத் திறந்துவிட்டிருந்தார். அழுதாரோ தெரியாது.

பள்ளிக்கூடத்தை நான் ஏன் விட்டேன் என்று எல்லோரும் கேட்டார்கள். ஹைஸ்கூலில் ஒவ்வொரு டீச்சரும் என் பெயரைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். நான் கையை மட்டும் உயர்த்துவேன். வாயைத் திறக்காததற்கு மார்க் குறைத்தார்கள். பிறகு கையும் உயரவில்லை. நீங்கள் மட்டும் ஏன் என்று கேட்கவில்லை, தேத்தண்ணி போட்டுத் தந்தீர்கள். அப்போது அது ஆறுதலாக இருந்தது. இப்போது அதற்கும் கோபம் வருகிறது. ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நானும் உங்களை ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். ஃபார்மசியிலிருந்து போன் வந்தால் நாம் இரண்டு பேரும் என்ன செய்வோம்? "நீ எடு பிள்ளை." "நீங்கள் எடுங்கோ மாமா." அடித்து அடித்து அது நின்றுபோகும். அம்மா வேலையால் வந்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவார். கடை மேசைக்குப் பின்னால் நின்றால்தான் உங்களுக்கு வாய் திறக்கும். எனக்கு அந்த மேசையும் இல்லை.

புத்தகத்தின் பின் அட்டையில், பிழை இருந்தால் சொல்லுங்கள், கோடையில் மறுபடி அச்சடிக்கும்போது திருத்துகிறோம் என்று போட்டு, ஒரு போன் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரமாக அதை டேகேருக்குக் கொண்டு போய்க் கொண்டு வந்தேன். நான் வேலை செய்கிற டேகேரை நடத்தும் ஆன்டியை உங்களுக்குத் தெரியும். "கொஞ்சம் சத்தமா பேசும்மா, பசங்களுக்கே கேக்கல" என்று இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். நான் தமிழில் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் "வாட்?" என்கிறார்கள்.

இன்று மத்தியானம் பிள்ளைகள் தூங்கிய பிறகு, பின்கதவைத் திறந்து படியில் இருந்தேன். அங்கே பின்னேரமாக இருக்கும். நம்பரை அழுத்தினேன். இரண்டு தடவை அடித்ததும் வைத்துவிட்டேன். பிறகு மறுபடியும் அழுத்தினேன்.

ஒரு பெண் எடுத்தார். வயதான குரல். புத்தகம் பற்றி என்றேன். டூலன் கடை என்றேன்.

"அதை மூடி எவ்வளவோ காலமாயிற்றே."

"மூடினவர் டூலன் இல்லை. அவர் என் மாமா."

அவர், "வாசலில் தேசிக்காய் கட்டுவாரே, அவரா?" என்றார். "ஐயோ, நல்ல மனிதர். பாலத்துக்கு அப்பால் இருந்த என் அம்மாவுக்கு மழையிலும் பாண் கொண்டுவந்து கொடுப்பார். நாங்கள் அவரை டூலன் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டோம்."

நீங்கள் இறந்துபோனதைச் சொன்னேன். அவர் ஜெபம் போல ஏதோ முணுமுணுத்தார். நன்றி சொல்லி வைத்துவிடலாம் போல இருந்தது. நீங்கள் என்றால் வைத்திருப்பீர்கள்.

"சனத்தொகைப் பக்கத்தில் ஓர் ஆள் கூடுகிறது" என்றேன். "அது பிழை இல்லை. அது அவர்தான்."

பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "பொறுங்கள், பேனா எடுக்கிறேன்" என்றார். பிறகு, "இத்தனை காலம் கேட்கவே இல்லையே. அவருடைய பெயர் என்ன?"

சொன்னேன். கேட்கவில்லை, சத்தமாகச் சொல்லுங்கள், ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லுங்கள் என்றார். உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். நான் படியில் எழுந்து நின்று, முதல் எழுத்திலிருந்து, சத்தமாகச் சொல்லத் தொடங்கினேன்.