முன்வாசல் சரிவு

என் கிழவிக்கு,

நேற்று ஆஸ்பத்திரியில் உன் கட்டிலருகே உட்கார்ந்தும் இதைச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கவுன்சில் ஆட்கள் ஒருவழியாக வந்து, உன் சக்கர நாற்காலிக்குச் சிமென்ட் சரிவு போட்டுவிட்டார்கள். முன்வாசலில். ஹல் நகரத்தில், நம் தெருவில், எவன் முன்வாசலைத் தொடுகிறான்?

"பின்பக்கம் போடுங்கப்பா, நாங்க போறது வர்றது எல்லாம் அந்த வழிதான்" என்று கெஞ்சினேன்.

"பெரியவரே, எங்களுக்கு முன்வாசல்னுதான் சொல்லியிருக்காங்க. மாத்தணும்னா மறுபடி மனு போட்டு, வரிசையில கடைசியில போய் நிக்கணும்" என்றான் மேஸ்திரி. அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

பக்கத்து வீட்டு டோரீன் எட்டிப் பார்த்தாள். "பரவால்லயே, மகாராணி மாதிரி முன்வாசல்ல வந்து எறங்கப் போறா உம் பொண்டாட்டி" என்று சிரித்தாள். பிறகு அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். சட்டென்று உள்ளே போய்விட்டாள். அந்தக் கதவை நாம் கடைசியாகத் திறந்தது உன் அம்மாவின் சவப்பெட்டிக்காக. அதற்கு முன் என் அப்பாவுக்காக.

குளியலறையை வசந்த காலத்தில் மாற்றித் தருவார்களாம். டாக்டரிடம் நான் வசந்தத்தைப் பற்றிக் கேட்கவில்லை. நீயும் கேட்காதே.

பின்படிகளில் பலகை போட்டுப் பார்த்தேன். காலி நாற்காலியே கவிழ்ந்துவிட்டது.

கவுன்சில் ஆட்கள் போகும்போது முன்கதவின் கீல்களுக்கு எண்ணெயும் போட்டிருக்கிறார்கள். அன்று நாலு பேர் முட்டித் திறந்த கதவு, இப்போது ஒரு விரலுக்கே திறந்துகொள்கிறது. பார்க்கப் பொறுக்காமல் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பின்கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன்.

உன் கிழவன்