மிதியில் உரித்த விதை

மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

நீ செய்து அனுப்பிய எந்திரம் பத்திரமாக வந்து சேர்ந்தது. சைக்கிள் மாதிரி மிதித்தால் போதும், மேலே கொட்டிய கடலை கீழே பருப்பாக விழுகிறது. நாலு பேர் நாள் முழுக்க உரிப்பதை நான் ஒருத்தி சமையலுக்கு முன்னால் முடித்துவிடுகிறேன். என் கட்டைவிரலில் நகம் வளர்ந்திருக்கிறது என்றால் நம்புவாயா? உன் அத்தான்தான், "இவ்வளவு மிதிச்சதுக்கு சைக்கிளா இருந்தா உன் தம்பி வீட்டுக்கே போயிருக்கலாம்" என்று கிண்டல் செய்கிறார்.

ஒரு சந்தேகம். அக்கம்பக்கத்தில் பதினேழு வீட்டார் விதைக்கடலையையும் இதில் போட்டுத் தரச் சொல்கிறார்கள். விதைக்குக் கையால்தான் உரிக்க வேண்டும் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். நகம் வளர்ந்த கதையைக் கேட்டு முதலாளியே சிரித்துவிட்டார். விதைக்கடலையைத் தாராளமாகப் போடு. அம்மா காலத்தில் எந்திரம் ஏது? நூறு எந்திரம் வாங்க ஆட்கள் வரப்போகிறார்கள். பதினேழு வீட்டு விதையும் இதில்தான் உரித்தது என்று சொன்னால் எனக்குப் பெருமை. அடுத்ததற்கு மணி வைத்து அனுப்புகிறேன் என்று அத்தானிடம் சொல்.

அன்புத் தம்பி

ஏப்ரல் 20

தம்பிக்கு,

விதைத்துப் பதினெட்டு நாள் ஆகிறது. பத்துக் குழிக்கு மூன்று முளைத்தால் அதிகம். தோண்டிப் பார்த்தால் பருப்பு அழுகிக் கையில் ஒட்டுகிறது. தெருக்கோடி வீட்டுக்காரி மட்டும் என் பேச்சைக் கேட்காமல் கையால் உரித்தாள். அவள் வயல் பச்சைப்பசேல் என்றிருக்கிறது. மறுபடி விதைக்க யாரிடமும் ஒரு படி கடலை இல்லை. "உன் தம்பி சொன்னானா, நீயா போட்டியா?" என்று வாசலில் நின்று கேட்கிறார்கள்.

இப்படி ஆகும் என்று உனக்குத் தெரியுமா?

அக்கா

மே 1

அக்கா,

தெரியும். ஜனவரியில் எந்திரத்தில் உரித்த நூறு பருப்பை ஈரமண்ணில் போட்டுப் பார்த்தோம். அறுபது முளைக்கவில்லை. எந்திரம் உரசுவதில் மேல்தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுகிறது. "விதைக்கு ஆகாதுன்னு சொன்னா எவன் வாங்குவான்? வாயை மூடிக்கிட்டு இரு" என்றார் முதலாளி. மூடிக்கொண்டேன். உன்னிடமும் மூடிக்கொண்டேன். நூறு எந்திரமும் போன வாரம் லாரியில் ஏறிவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று நானே உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

தம்பி

மே 6

தம்பிக்கு,

வராதே. உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே நான் சொல்லிவிட்டேன். "தம்பி வேண்டாம்னுதான் எழுதினான். நான்தான் கேட்காம போட்டேன்" என்றேன். உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று நம்பித்தான் அந்தப் பழியை என் தலையில் போட்டுக்கொண்டேன். பிழைப்புத் தேடிப் போனதில் ஆறு வீடு பூட்டிக் கிடக்கிறது. மற்றவர்கள் எங்கள் முகத்தில் விழிப்பதில்லை. நாளைக்கு நாங்களும் கிளம்புகிறோம்.

இனி இங்கே வந்து சொல்லி ஒரு செடியும் முளைக்காது. அந்த நூறு எந்திரம் எங்கெங்கே போனதோ, அங்கே போய்ச் சொல். அவர்கள் விதைப்பதற்குள் சொல். சொல்லாமல் இருந்தால் எனக்குத் தம்பி கிடையாது.

போகிற இடத்தில் எனக்குக் கடலை உரிக்கும் வேலை, கையால்தான். விலாசம் எழுதவில்லை.

அக்கா