லிஃப்டுக்குள் இறங்கி வந்தவர்

மார்ச் 14, காலை 10.20. ஐந்தாம் மாடிக்கு மேலே நின்றுபோன லிஃப்டுக்குள் இருந்த ஒரே ஆள், நான்தான்.

அப்பாவுக்கு வணக்கம். மூட்டுவலி எப்படி இருக்கிறது? நான் சுகம். லிஃப்ட் மெக்கானிக்கே மாட்டிக்கொண்டான் என்று அம்மா சிரிக்கட்டும்.

உள்ளே இருட்டு, மூச்சு முட்டியது. லிஃப்டின் கூரைமேல் நின்று எங்கள் மேற்பார்வையாளர், ஃபோர்மேன், எதை எப்படித் திருப்புவது என்று சொன்னதெல்லாம் சரிதான். என் கைதான் சொன்னபடி கேட்கவில்லை. உடனே அவர் கூரைக் கதவைத் திறந்து உள்ளே இறங்கிவிட்டார். எங்கள் வேலையில் அது பெரிய தப்பு, வெளியே உதவிக்கு ஒருவர் இருந்தாக வேண்டும்.

"ஏண்ணே வந்தீங்க? இப்ப ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டோம்."

"தெரியுதுடா, உட்காரு. எனக்கும் கை நடுங்குது பாரு."

நடுங்கத்தான் செய்தது. ஆனால் எனக்கு மூச்சு சீரானது. பிறகு ஆட்கள் வந்து எங்களை மீட்டார்கள்.

கடவுள் மனிதனாகப் பிறந்தார் என்று நீங்கள் சொன்னபோது, "மேலேருந்தே சரிபண்ணத் தெரியாதா அவருக்கு?" என்று சண்டை போட்டுவிட்டு வீட்டைவிட்டுக் கிளம்பியவன் நான். அந்தக் கேள்வி சரியென்றே இப்போதும் நினைக்கிறேன். நடுங்குகிறவர் எப்படிக் காப்பாற்றுவார்? அப்படியானால் எனக்கு ஏன் மூச்சு வந்தது? புரியவில்லை.

உங்கள் பழைய பைபிளை அனுப்புங்கள், நீங்கள் கோடு போட்டு வைத்திருப்பதை. புதிது வேண்டாம்.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. இனி செய்யப்போவது:

1. ஃபோர்மேன் செய்தது தப்பு என்று அறிக்கையில் எழுதுவது.
2. அவருக்கு நன்றி சொல்வது. இன்னும் சொல்லவில்லை.
3. ஞாயிறன்று உங்களுக்குப் போன் செய்து, நீங்கள் முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் கேட்பது.