செலின் கன்னத்துப் புள்ளி

சேசு மரி சூசை துணை

சிங்கப்பூர்
14.6.1981

அன்புள்ள பிலோமினாவுக்கு,

நான் நல்ல சுகம். உன் இருமல் நின்றதா? அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

நீ அனுப்பிய நம் செலின் படம் என் சட்டைப்பையிலேயே கிடந்து, வேர்வை பட்டு, கோடு கோடாக வெடித்துவிட்டது. கோபப்படாதே, அதற்கும் வழி செய்துவிட்டேன். எங்கள் அச்சகத்தில் பழைய படத்தின் மேல் டிரேசிங் தாளை வைத்து, மையால் புதிதாக வரைவோம். அதில் சாம்பல் நிறமே கிடையாது. கறுப்பு, இல்லாவிட்டால் வெள்ளை. சாப்பாட்டு நேரத்தில் செலினை அப்படி வரைந்தேன். உன் மூக்கு அப்படியே வந்திருக்கிறது!

ஃபோர்மன் மைதீன் அண்ணன் எட்டிப் பார்த்தார். "கன்னத்துல அழுக்கு லா, அத விட்டுடு."

"அழுக்கில்லண்ணே, எம் மகளுக்கு வச்ச திருஷ்டிப் பொட்டு" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

"பொட்டுன்னா கழுவுனா போயிடும், வரையாத. மச்சம்னா கண்டிப்பா போடணும். எதுன்னு சொல்லு, நீதானே அப்பன்?"

"தேத்தண்ணி ஆறுதுண்ணே" என்று நழுவிவிட்டேன். நான் கப்பலேறும்போது அவள் உன் வயிற்றில்தானே இருந்தாள்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நெத்திலிக் கருவாடு கொடுத்துவிடு. அவளுக்குச் சின்னதாகிப்போன சட்டை ஒன்றும் வை. துவைக்க வேண்டாம்.

தபால்காரர் பெட்டியைத் திறக்கும் நேரமாகிவிட்டது. படத்தில் கன்னத்துப் புள்ளி வரும் இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறேன். அவளைக் குளிப்பாட்டும்போது அது அழிகிறதா என்று பார்த்து உடனே எழுது.

உன்
சவரிநாதன்