சீன எண்ணெயும் அம்மாவின் தோளும்

பெப்ரவரி 11, செவ்வாய்

சிவம் அண்ணை ஒரு போத்தல் எண்ணெய் கொடுத்து அம்மாவின் வாயை அடைத்துவிட்டார்.

மொன்றியலில், சென்ட் லோரன்ட் பக்கத்து வெயர்ஹவுஸில் பெட்டி தூக்கும்போதுதான் அம்மாவின் தோள் பிசகியது. அங்கே சிவம் அண்ணைதான் சுப்பர்வைசர். இன்று பின்னேரம் தோடம்பழமும் சீன மூலிகை எண்ணெயுமாகச் சுகம் விசாரிக்க வந்தார். நோகிற கையோடேயே அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

“பிள்ளை, கழுத்திலயிருந்து கீழ மெல்ல உருவிவிடு, சுகம் வந்திடும். டொக்டர் கேட்டா, வீட்டுப் படியில விழுந்தது எண்டு சொன்னாக் காணும்” என்றார் சிவம் அண்ணை.

“அம்மாவைப் பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?” என்றேன்.

அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “மொன்றியல் பிள்ளையள், அக்கா. வாய் நீளம்.”

“வேலை எடுத்துத் தந்தவரோட இப்பிடியோ கதைக்கிறது?” அம்மா என்னைத்தான் அதட்டினார்.

அவர் போனபிறகு எண்ணெயைச் சூடாக்கித் தேய்த்துவிட்டேன். இதமாக இருக்கிறதாம். அதுதான் எனக்கு எரிச்சல். கை இன்னும் தோளுக்கு மேலே எழும்பவில்லை. படியில் விழுந்ததாகச் சொன்னால், வேலையிடத்துக் காயத்துக்கு உரிய நட்டஈடு எதுவும் அம்மாவுக்குக் கிடைக்காது.

“நாளைக்கு டொக்டரிட்ட உண்மையைச் சொல்லுவீங்களோ? சொல்லுங்கோ அம்மா.”

அம்மா மற்றத் தோளையும் தேய்த்துவிடச் சொல்லி என் பக்கம் திருப்பினார்.