நண்டு கடித்தும் அசையாத அண்ணாவுக்கு

மரியாதைக்கும் மட்டற்ற வணக்கத்துக்கும் உரிய, ஜலம்பா குலத்தின் புத்தம்புது ஆண்மகன், தற்சமயம் ஜோஹன்னஸ்பர்க் வாசி, கம்பளிக் கோட்டுக் கனவான், அண்ணா அவர்களின் சமூகத்துக்கு,

பையன் வுயானி மண்டியிட்டு எழுதிக்கொள்வது. (மண்டியிடவில்லை. கவிழ்த்துப் போட்ட படகின் மேல் கால்மேல் கால் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். அங்கிருந்து தெரியவா போகிறது?)

இங்கே எல்லோரும் நலம். உங்கள் அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. உங்கள் கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. இரண்டுக்கும் உங்கள் முகஜாடை. என் அம்மாவும் நலம். நான்தான் நலமில்லை. எனக்குக் கோபம். ‘மகிழ்ந்திருங்கள்’ என்று பொருள் வரும்படி எனக்குப் பெயர் வைத்தவர்கள் இப்போது என் முகத்தைப் பார்த்தால் பெயரைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

போதும். இந்த ‘நீங்கள்’ வாய்க்குள் மணல் விழுந்த மாதிரி நறநறக்கிறது. இனி ‘நீ’ என்றுதான் எழுதப்போகிறேன். மலையில் உனக்கு வைத்த புதுப் பெயரையும் எழுதமாட்டேன். கடல் என்று அர்த்தப்பட உன் அம்மா வைத்த லுவாண்டிலே என்ற பெயர்தான் எனக்குத் தெரியும். அடிக்க வேண்டுமானால் ஊருக்கு வந்து அடி.

மலைக்குப் போய், முன்தோல் அறுக்கும் கத்தியைத் தாங்கி, குடிசையில் கிடந்து புண் ஆறி வந்தவன் ஆண், போகாதவன் தலை நரைத்தாலும் பையன். இது எனக்கும் தெரியும். ஆனால் நீ மலையிலிருந்து இறங்கிய விருந்தன்று நடந்ததை நான் மறக்கத் தயாராக இல்லை. டிசம்பர் வெயிலில் கம்பளிக் கோட்டு, தொப்பி, கையில் கோல், முகத்தில் செம்மண். பெரியவர்கள் வரிசையாக வந்து உனக்குப் புத்தி சொல்ல, நீ தலை குனிந்து நின்றிருந்தாய். உனக்கு ஒரே வேடிக்கையாக இருக்கும் என்று நினைத்து, பின்னால் வந்து உன் கோட்டுப் பையில் உயிருள்ள நண்டு ஒன்றைப் போட்டேன். நாம் எத்தனை வெள்ளைக்காரர்களின் காலணிக்குள் போட்டிருக்கிறோம்! நண்டு கடித்தது. துணி துள்ளியதை நான் பார்த்தேன். நீ அசையவில்லை. உன் கண் இமைகூட அசையவில்லை.

பிறகு கொட்டகைக்குப் பின்னால் நான் ஓடிவந்து, “டேய் லுவாண்டிலே, வலிச்சுதாடா?” என்று கேட்டேன். நீ சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன், படித்துப் பார்: “யாருகிட்ட பேசறே, பையா? அண்ணான்னு கூப்பிடு. ஆம்பளைங்க நிக்கிற இடத்துல உனக்கென்ன வேலை?” பக்கத்தில் நின்ற கோட்டுகள் எல்லாம் சிரித்தன. நான் உன்னைவிட ஒரே ஒரு வயதுதான் இளையவன். நேற்றுவரை ஒரே தட்டில் மக்காச்சோளமும் பயறும் தின்றவர்கள் நாம்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். முதுகுப்பையைக் கொடுத்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. ஆணானவன் பையனாக இருந்தபோது வைத்திருந்ததை எல்லாம் சின்னவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். சரி. சட்டையைக் கொடு, பந்தைக் கொடு. ஆனால் அந்த முதுகுப்பை உன்னுடையது மட்டுமா? பட்டை அறுந்துவிட்டது என்று ஜெர்மன்காரர் எறிந்துவிட்டுப் போனதைத் தூண்டில் நரம்பால் தைத்தது யார்? உள்ளே இருந்த கூடாரம், கயிறு, அடுப்பு எல்லாம் ஒவ்வொன்றாகச் சேர்த்தது யார்? எந்தெந்த ஊரிலிருந்தோ வரும் பயணிகள் எல்லாம் நம் கரையை நடந்து பார்த்துவிட்டார்கள். அவர்கள் மூட்டையைச் சுமந்த நாம் மட்டும் ஒரு தடவைகூடச் சும்மா நடந்ததில்லை, போர்ட் செயின்ட் ஜான்ஸிலிருந்து கடலுக்குள் நிற்கும் ஓட்டைப் பாறை வரைக்கும் நடப்போம், இடுப்பில் ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்த ஓட்டை வழியாக நுழைந்து வெளியே வருவோம் என்று சத்தியம் செய்தது யார்? அந்தப் பையைத் தூக்கி உன் சித்தி மகன் மிஹ்லேயிடம் கொடுத்துவிட்டு, சுரங்க வேலைக்கென்று ஜோஹன்னஸ்பர்க் பேருந்தில் ஏறிவிட்டாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மிஹ்லே அதில் என்ன வைத்திருந்தான் தெரியுமா? கோழி. நம் கூடாரத்தின் மேல் அது அடை உட்கார்ந்திருந்தது. “குஞ்சு பொரிக்கிற வரைக்கும் தரமாட்டேன்” என்றான். கெஞ்சினேன், மிரட்டினேன், அவன் மாட்டை மேய்த்துக் கொடுத்தேன். கடைசியில் பையைத் தந்தான். கழுவியும் கோழி வாடை போகவில்லை. போகிற வழியெல்லாம் நாய்கள் என் பின்னாலேயே வந்தன.

ஆமாம், போனேன். தனியாகப் போனேன். அம்மா அழுதார், பிறகு ஒரு டப்பா நிறைய ரொட்டி கட்டித் தந்தார். முதல் இரவு ம்பாண்டே கரையில் கூடாரம் அடித்தேன். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது, நான் அதன் பின்னால் ஓடினேன், மாடுகள் வேடிக்கை பார்த்தன. ஹ்லுலேகா பாறை மேலிருந்து ஆழத்தில் குதித்தேன். குதித்த பிறகுதான் பயம் வந்தது. முன்னால் வந்திருந்தால் உதவியாக இருந்திருக்கும். ம்டும்பியில் நோசிபோ என்ற பெண்ணிடம் அலைப்பலகை கேட்டு வாங்கி ஏறினேன். அவள் கரையிலிருந்து, “தம்பி, பலகைக்கு மேல நிக்கச் சொன்னேன், கீழ இல்ல!” என்று கத்திக்கொண்டே இருந்தாள். கடைசியில் ஒரு கொட்டாவி விடும் நேரம் நின்றேன், லுவாண்டிலே. நின்றேன்! கையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். பார்க்க வேண்டிய ஆள் அங்கே இல்லை. அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் மறுபடியும் தலைக்கு ஏறி, தண்ணீருக்குள் விழுந்தேன்.

ம்டாட்டா ஆற்றுவாயில் கடல் ஏறத் தொடங்கும்வரை காத்திருந்துதான் இறங்கினேன். கடல் வடியும்போது இறங்கினால் ஆறு நம்மைக் கடலுக்குக் கொடுத்துவிடும் என்று நீதானே சொல்லிக்கொண்டே இருப்பாய். பை தலையில், தண்ணீர் மார்பில். நடுவில் கால் மணலைத் தொடவில்லை. என்னையறியாமல் உன் பெயரைச் சொல்லிக் கத்திவிட்டேன். பழைய பெயரைத்தான். கடலே கடலே என்று கடலைப் பார்த்துக் கத்துகிறவனை அக்கரையில் மீன் பிடித்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்!

ஓட்டைப் பாறையை அடைந்தேன். நம் ஆட்கள் அந்த இடத்துக்கு ‘இரைச்சல்’ என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? தண்ணீர் வாகாக இறங்கியிருந்தது. கயிற்றை எடுத்து ஒரு முனையை இடுப்பில் கட்டினேன். மறுமுனையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கே வந்த வழிகாட்டி ஒருவர், “யாருக்குடா காத்திருக்கே?” என்று கேட்டார். “ஒரு கோட்டுக்கு” என்றேன். கடல் ஏறிவிட்டது. நுழையவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இனிதான் உண்மையான கோபம். பையைப் பார்க்க மிஹ்லே வந்தான். நான் அழுதேனா என்று கேட்டான். ஏன்டா என்றேன். “அண்ணன் பஸ் ஏறும்போது சொல்லிட்டுப் போனாரு. இது வுயானியோட பை, ஆனா அவன் வந்து கேட்டா உடனே குடுத்துடாதே, கொஞ்சம் அழவிடு, நண்டுக்குப் பதில் நண்டுன்னு.” சொல்லிவிட்டுச் சிரிக்கிறான், பல் விழுந்த வாயோடு.

அட பாவி! உள்ளே நீதான் இருந்தாயா? அத்தனை நாள் நான் செத்துப்போனவனுக்கு அழுகிற மாதிரி அழுதேனே, கோட்டுக்குள் உட்கார்ந்து சிரித்துக்கொண்டா இருந்தாய்? இதற்கு உன்னை மன்னிக்கவே மாட்டேன்.

சரி, செய்தி ஒன்று. வரும் ஜூன் குளிரில் என்னை மலைக்கு அனுப்ப மாமா முடிவு செய்துவிட்டார். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. போன குளிர்காலத்தில் மேட்டு வீட்டிலிருந்து போன பையன் திரும்பி வரவில்லையே, அதை நான் நினைப்பதே இல்லை. இரவில் மட்டும் நினைக்கிறேன். பெண் என்பதால் அம்மா அந்தப் பக்கம் வரக்கூடாது. அப்பா இல்லை. கூடப் பிறந்த அண்ணனும் இல்லை. மாமா குடித்தால் தூங்கிவிடுவார் என்பது உனக்கே தெரியும். என் குடிசைப் பக்கம் வந்து, தண்ணீர் கொடுத்தார்களா, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு ஆண் வேண்டும்.

நானும் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுத்தான் ஆணாக வேண்டும். அதனால் கயிற்றை இப்போதே மிஹ்லேயிடம் கொடுத்துவிட்டேன். நீங்கள் வந்து கேட்டால் உடனே தரக்கூடாது, கொஞ்சம் அழவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சுரங்கத்தில் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்னோர்கள் உங்கள் கூடவே இருக்கட்டும். ஜூனில் வந்துவிடுங்கள், ஸ்வெலிவுமிலே அண்ணா. கோட்டோடு வந்தாலும் பரவாயில்லை.

கோபம் தீராத, இன்னும் பையனாகவே இருக்கும்,
வுயானி