பென்ஸும் பயர்பேர்டும்

ஓல்டன், சுவிஸ்
12.10.1986

அன்பின் கலாவுக்கு,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. குளிரைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை என்று எழுதினால் நீர் நம்பமாட்டீர். அதனால் எழுதவில்லை.

அந்த ஏஜென்ட் உம்மைச் சொன்னபடி சுவிசுக்குக் கொண்டுவராமல் பெர்லினில் விட்டுவிட்டு ஓடினானே, அதை நினைத்தால் கடிதம் முழுக்கத் திட்டாகத்தான் வரும். நீர் ஜேர்மனியில் அகதி, நான் சுவிசில் அகதி, எல்லை தாண்ட இரண்டு பேருக்கும் அனுமதி இல்லை. அதை விடுவோம். உமது கார் வாதத்துக்கு வருகிறேன்.

அமெரிக்கன் கார்தான் திறமாம்! உமது அப்பா சுன்னாகத்தில் வாடகைக் கார் ஓடியவர் என்பதற்காக நீர் சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. நான் கார் கழுவுகிற யார்டுக்கு ஒவ்வொரு செவ்வாயும் ஜேர்மனியிலிருந்து பழைய கார்கள் வருகின்றன. பத்து வருஷம் ஓடிய பென்ஸின் கதவை ஒருமுறை சாத்திப் பாரும். வங்கிப் பெட்டகம் மூடுகிற மாதிரி இருக்கும். அமெரிக்கன் கார் நேர்ரோட்டில் சீறிக்கொண்டு போகும், ஒரு வளைவு வந்தால் நாய் ஈரத்தை உதறுவதுபோல உதறும்.

இவ்வளவும் கதைக்கிற நான் ஓட்டுவது எவ்வளவு தூரம் தெரியுமா? கழுவுகிற இடத்திலிருந்து பின்மதில் வரைக்கும். என் லைசென்ஸ் ஊரில் நான் வேலை செய்த கராஜோடு எரிந்தது. என் அகதி வழக்கு முடியும்வரை இங்கே புதிது தரமாட்டார்கள். முதலாம் கியர்தான், இரண்டாவதுக்கு இடமில்லை.

போன கிழமை வந்த பென்ஸில் உங்கள் ஊர் இலக்கத்தகடு இருந்தது. கழற்றும்போது கை கொஞ்சம் நின்றுவிட்டது. உமது தெருவால் வந்திருக்கும் அல்லவா?

உமது,
குலேந்திரன்


பொப்லிங்கன், ஜேர்மனி
26.10.1986

அன்பின் அத்தானுக்கு,

பென்ஸின் கதவுச் சத்தத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கதவு சாத்துகிற சத்தம் எனக்கு இந்த அகதி விடுதியில் போதும் போதும் என்று கேட்கிறது. மாடிக்கொரு கதவு, குசினிக்கொரு கதவு, வாசலில் காவல்காரனின் கதவு.

இந்த மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது. வேலை செய்யக்கூடாது. சாப்பாட்டைக்கூட அவர்களே பெட்டியில் கட்டித் தருகிறார்கள். காலையில் எழும்பினால் பகல் எங்கே முடியும் என்று தெரியாது. என்னோடு அறையில் இருக்கிற யோகாம்பாள் அக்கா பின்னிய ஸ்வெட்டரைக் குலைத்துவிட்டுத் திரும்பப் பின்னுகிறா.

எங்கள் யன்னலுக்கு நேரே அமெரிக்கன் இராணுவ முகாமுக்குப் போகிற ரோட்டு. சனிக்கிழமைகளில் சிப்பாய்கள் தங்கள் அமெரிக்கன் கார்களில், மஸ்டாங்கிலும் பயர்பேர்டிலும் வெளிக்கிடுவார்கள். தூரத்தில் வரும்போதே கண்ணாடி அதிரும். உங்கள் பென்ஸ் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. இந்த ஊரே அப்படித்தான், எனக்கு மூச்சு முட்டுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் கொஞ்ச நேரம் நன்றாயிருக்கும். அக்கா பகிடி பண்ணுவா: “என்ன பிள்ளை, தேர் பாக்கிற மாதிரி நிக்கிறாய்?”

எப்போது சந்திப்போம் என்று கேட்கமாட்டேன். போனமுறை கேட்டதற்கு ஒரு மாதம் எழுதாமல் இருந்துவிட்டீர்கள்.

உங்கள்,
சிவகலா


ஓல்டன்
23.11.1986

அன்பின் கலாவுக்கு,

உமது ஆள் இங்கே வந்துவிட்டார். கறுப்புப் பயர்பேர்ட். அமெரிக்காவுக்குத் திரும்பிய சிப்பாய் ஒருவன் விற்றதை எங்கள் முதலாளி ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார். சாவியைத் திருகினேன், பக்கத்து வீட்டுக் கிழவர் யன்னலைத் திறந்து ஏசினார். இழுவையில் அதை அடிக்க எங்கள் யார்டில் ஒன்றும் இல்லை. இதை நான் எழுதியதாக யாருக்கும் சொல்லாதேயும். ஆனால் அந்தச் சிப்பாய் சைலன்சரை மாற்றிவைத்திருக்கிறான். சத்தம் கூட என்று இங்கத்தைய வாகனப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். ரோட்டுக்குப் போகமுடியாமல் மதிலோரம் நிற்கிறது.

இனி எழுதுவதை வாசித்ததும் கிழித்துவிடும்.

கார்களை எல்லை தாண்டி ஓட்டிவருகிறவன் பியேத்ரோ என்ற இத்தாலியன். உம்மைப் பற்றிச் சொன்னேன். “மனிசி அங்கையே இருக்கிறா? ஏன் முந்திச் சொல்லேல்லை?” என்று கோபித்தான். அவன் முதலில் பருவகால வேலைக்கு வந்தவனாம். குடும்பத்தைக் கூட்டிவர அனுமதி இல்லை. மகளை ஒரு குளிர்காலம் முழுக்க அறைக்குள் ஒளித்து, சத்தமாய்ச் சிரிக்காதே என்று சொல்லி வளர்த்தவன். உம்மை டிக்கியில் கொண்டுவருகிறேன் என்கிறான்.

நான் இரண்டு காரையும் பார்த்தேன். பயர்பேர்ட் என்றால் எல்லையில் நிற்கிறவர்கள் எல்லாரும் போனட்டைச் சுற்றித்தான் நிற்பார்கள். ஆனால் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, ஒரு பூனையைக்கூட ஒளிக்கமுடியாது. பென்ஸின் டிக்கி ஆழம், அகலம். ஒவ்வொரு கிழமையும் போய்வருகிற வண்டி என்பதால் கையைக் காட்டிவிடுவார்களாம்.

யோசித்து எழுதும்.

உமது,
குலேந்திரன்


பொப்லிங்கன்
7.12.1986

அன்பின் அத்தானுக்கு,

டிக்கி ஆழம், அகலம் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் படுக்கப்போகிறவளைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபமாய் எழுதவில்லை, சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன். யோகாம்பாள் அக்காவுக்கு மட்டும் சொன்னேன். “போ பிள்ளை, இஞ்ச இருந்து என்னத்தைக் காணப்போறாய்?” என்றா. சொல்லிவிட்டு என் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தா.

நீங்கள் அதற்குள் படுத்துப் பார்த்தீர்களா? மூடினால் வெளிச்சம் வருமா?

வருகிறேன். பொங்கலுக்கு உங்களோடு இருப்பேன்.

உங்கள்,
சிவகலா


ஓல்டன்
21.12.1986

அன்பின் கலாவுக்கு,

படுத்துப் பார்த்தேன். வெளிச்சம் வராது, காற்று வரும். பின்சீட்டுப் பக்கத்தில் நானே வழி செய்திருக்கிறேன். கம்பளியும் விரித்திருக்கிறேன். பியேத்ரோ மூடியதும் உடனே தட்டித் திறக்கச் சொல்லிவிட்டேன், அது நான் உயரம் என்பதால். உமக்குத் தாராளமாய் இருக்கும்.

ஜனவரி பதின்மூன்று, செவ்வாய். உங்கள் தபால் கந்தோருக்குப் பின்னால் பியேத்ரோ நிற்பான். பச்சை பென்ஸ். இங்கே கீழ்வீட்டு மரியதாஸ் அண்ணை எங்களுக்கென்று ஒரு அறை பார்த்துத் தந்திருக்கிறார். யன்னல் சீலை என்ன நிறம் என்று நீர் வந்துதான் சொல்லவேண்டும்.

உமது,
குலேந்திரன்


பொப்லிங்கன்
13.1.1987
பியேத்ரோ கைவசம்

அன்பின் அத்தானுக்கு,

டிக்கியைத் திறந்து பார்த்திருப்பீர்கள். என்னை மன்னியுங்கள்.

நான் போனேன். படுத்தேன். உங்கள் கம்பளியில் மெழுகு மணம் இருந்தது. பியேத்ரோ கும்பிடுகிற மாதிரிக் கை காட்டிவிட்டு மூடினார். கார் வெளிக்கிட்டது, ஒரு சந்திகூடத் திரும்பியிருக்காது, நான் உதைக்கத் தொடங்கிவிட்டேன். என் குரலா அது என்று எனக்கே தெரியவில்லை. அவர் ஓரத்தில் நிற்பாட்டித் திறந்தார். ரோட்டில் போன ஒரு மனிசி பார்த்துக்கொண்டு நின்றா. பியேத்ரோ தன் கோட்டைக் கழற்றி எனக்குப் போர்த்திவிட்டார்.

அத்தான், கொழும்புக்கு லொறியில் மூட்டைகளுக்குப் பின்னால் வந்தேன். பெர்லினில் பூட்டிய அறையில் இருந்தேன். இங்கேயும் இருக்கிறேன். இன்னொரு மூடி என்மேல் மூடவேண்டாம். உங்களிடம் வருகிற நாளில் சீட்டில் இருந்துகொண்டு, வெளியே பார்த்துக்கொண்டு வரவேண்டும். பிடிபட்டாலும் அப்படியே பிடிபடுகிறேன்.

பியேத்ரோ வாசலில் காத்திருக்கிறார். முடிக்கிறேன்.

சிவகலா


ஓல்டன்
25.1.1987

சிவகலாவுக்கு,

கார் வந்ததும் ஓடிப்போய் நானேதான் திறந்தேன். கம்பளி மட்டும் கிடந்தது. மரியதாஸ் அண்ணை பொங்கலுக்குப் பானையும் வாங்கி வைத்திருந்தார்.

இரண்டு மணித்தியாலம். அவ்வளவுதான் நான் கேட்டது. இரண்டு வருஷம் பொறுத்த உமக்கு அது முடியவில்லையா? பியேத்ரோ தன் வேலையை, வீட்டை எல்லாம் பணயம் வைத்து வந்தவன். இனி என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அந்த அறையை விடச் சொல்லிவிட்டேன்.

குலேந்திரன்


ஓல்டன்
4.3.1987

அன்பின் கலாவுக்கு,

நீர் பதில் எழுதவில்லை. நான் எழுதியிருக்கவேண்டிய கடிதம் அல்ல அது.

போன மாதம் வெளிநாட்டவர் பொலிசுக்குப் போய், மனைவியைக் கூப்பிட வழி உண்டா என்று நேராகவே கேட்டேன். அந்த மனிதர் தன்மையாகத்தான் கதைத்தார். வழக்கு முடியவேண்டுமாம். எப்போது முடியும் என்று அவருக்கும் தெரியாதாம். “நாட்டை விட்டு வெளியிலை போனீங்கள் எண்டால் உங்கடை வழக்கு அதோடை முடிஞ்சுது” என்றும் சொன்னார்.

திரும்பிவந்து பியேத்ரோவிடம், டிக்கியில் என்னை மூடி யார்டைச் சுற்றி ஓட்டு என்றேன். “வேண்டாம்” என்றான். வற்புறுத்தினேன். மதில்வரைகூடப் போகவில்லை, கத்திவிட்டேன். திறந்தபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அவளும் இப்பிடித்தான்” என்றான். கலா, என்னைவிட நீர் கூடத் தூரம் வந்திருக்கிறீர். அன்றைக்கு மூடிய உடனே நான் தட்டியது உயரத்தால் இல்லை, பயத்தால். அது தெரிந்தும் உம்மைப் படுக்கச் சொன்னேன்.

பயர்பேர்டை முதலாளி உங்கள் ஊர்ச் சிப்பாய் ஒருவனுக்கே திரும்ப விற்றுவிட்டார். வருகிற செவ்வாய் ஒருநாள் அனுமதியோடு பியேத்ரோ கொண்டுபோகிறான். நானும் போகிறேன், அவனுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு. அப்படிச் சத்தம்போடுகிற காரில் போகிறவனை எல்லையில் பார்க்காமல் விடுவார்களா, காரைப் பார்த்துக்கொண்டே விட்டுவிடுவார்களா, பியேத்ரோவுக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்டால் உள்ளதைச் சொல்லுவேன்.

இங்கத்தைய வேலை போகும், வழக்கும் போகும். அங்கே என்னை உங்கள் ஊரில் வைப்பார்களோ, வேறெங்காவது அனுப்புவார்களோ தெரியாது. நாலு மாதம் கழித்து இரண்டு பேரும் ஒரே யன்னலில் நின்றுகொண்டு, ஏன் வந்தேன் என்று நான் உம்மோடு சண்டை பிடிக்கவும் கூடும். பிடித்தால் பொறுத்துக்கொள்ளும்.

இந்தக் கடிதம் எனக்கு முன்னால் வந்து சேரும். செவ்வாய் பின்னேரத்துக்குள் நான் வராவிட்டால், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பியேத்ரோ வந்து சொல்லுவான். வந்துவிட்டால், எனக்கு ஒரு கட்டில் கிடைக்குமா என்று கேட்டு வையும். இல்லையென்றாலும் பரவாயில்லை, நிலத்தில் படுக்கிறேன். கால் நீட்ட இடமிருந்தால் போதும்.

உமது,
குலேந்திரன்